ஜெயித்த வழக்கில் 'அவரவர் செலவு அவரவருக்கு' என்று தீர்ப்பு: மேல்முறையீட்டில் செலவுத்தொகை கேட்க முடியுமா?

கரூர்_பாவு:
வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணி நெய்து ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுக்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு நூற்பாலையிடம் 20ஆம் நம்பர் நூல் 12 டன், கிலோ 260 ரூபாய் என்று விலை முடித்து 4 லட்சம் முன்பணம் கொடுத்தேன். முன்பணத்தைக் கடைசி லோடில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. 5 டன் வந்தது, அதற்குரிய பணத்தைப் பில்லுக்குப் பில் கட்டிவிட்டேன். பிறகு நூல் விலை ஏறியது. ஆலை கையை விரித்துவிட்டது. மீதி 7 டன்னை வெளியில் 318 ரூபாய்க்கு வாங்கித் தறியை ஓட்டினேன். அதற்குள் ஒரு ஆர்டர் ரத்தாகிவிட்டது.

வழக்குப் போட்டேன். முன்பணம் 4,00,000, விலை வித்தியாசம் 4,06,000, ரத்தான ஆர்டரில் போன லாபம் 8,00,000, ஆக மொத்தம் 16,06,000. வணிக வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றத்தில் முதல் இரண்டுக்கும் 9 சதவீத வட்டியுடன் தீர்ப்பு கிடைத்தது. மூன்றாவதைத் தள்ளிவிட்டார்கள். கடைசி வரியில் 'இரு தரப்பினரும் அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும்' என்று இருக்கிறது.

இப்போது ஆலை மேல்முறையீடு செய்திருக்கிறது. எனக்கு மூன்று சந்தேகங்கள். மேல்முறையீடு முடியும்வரை பணம் வராதா? தள்ளிய 8 லட்சத்தை நான் மறுபடி கேட்கலாமா? கோர்ட் கட்டணம் மட்டுமே 48,180 கட்டியிருக்கிறேன், அதையாவது வாங்க முடியுமா?

ஈரோட்டுச்சந்தை:
தம்பி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நான் ஒரு மஞ்சள் வியாபார வழக்கில் 'செலவுத்தொகையுடன்' ஜெயித்தவன். ஏழு வருடம், வக்கீல் கட்டணம், வாய்தாவுக்கு வாய்தா பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் போயிற்று. தீர்ப்பாணையில் செலவு என்று போட்டிருந்தது 11,340 ரூபாய். அதை வாங்கப் போகிற செலவு அதைவிட அதிகம் என்று விட்டுவிட்டேன். செலவுத்தொகையை மறந்துவிட்டு அந்த 8 லட்சத்தைப் பிடியுங்கள்.

வாய்தா_வேண்டாம்:
நான் வழக்குரைஞர், பெரும்பாலும் வணிக வழக்குகள். ஈரோட்டு அண்ணன் சொல்வது சாதாரண சிவில் கோர்ட் கணக்கு. பாவு சாரின் வழக்கு வணிக நீதிமன்ற வழக்கு. செலவு விஷயத்தில் இரண்டும் வேறு வேறு.

சாதாரண சிவில் வழக்கில் செலவுத்தொகை கொடுப்பதும் மறுப்பதும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி நீதிபதியின் விருப்புரிமை. கொடுத்தாலும் வக்கீல் கட்டணத்தை நீங்கள் உண்மையில் கொடுத்த தொகையாக எடுக்காமல், விதிகளின் அட்டவணைப்படி கணக்கிடுவார்கள். பொய் வழக்குக்கான 35அ பிரிவில் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976இல் வைத்த தொகை அது, இன்றும் அதுதான்! 2005இல் சேலம் வழக்குரைஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், செலவு என்றால் ஜெயித்தவர் செலவழித்த நேரம், பயணம், தங்கல், வக்கீல் கட்டணம், தட்டச்சு எல்லாம் சேர்ந்த நியாயமான உண்மைச் செலவாக இருக்க வேண்டும் என்றது. நம் சேலத்துக்காரர்கள் வாங்கித் தந்த தீர்ப்பு என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம், அட்டவணை மட்டும் அசையவில்லை.

இதற்கு நேரெதிராக 2011இல் சஞ்சீவ் குமார் ஜெயின் வழக்கு. மேல்முறையீட்டில் ஜெயித்தவர் தன் வக்கீல்களுக்குக் கொடுத்த 45,28,000 ரூபாயை அப்படியே எதிர்த்தரப்பு கட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதிகள் இடம் கொடுக்காதபோது உண்மைச் செலவைச் சுமத்த முடியாது, வேண்டுமானால் சட்டத்தைத் திருத்துங்கள் என்று சொல்லிவிட்டது.

திருத்தம் வந்தது, ஆனால் வணிக வழக்குகளுக்கு மட்டும். 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் 35ஆம் பிரிவையே மாற்றி எழுதியது. தோற்றவர் ஜெயித்தவருக்குச் செலவு கட்ட வேண்டும் என்பது அங்கே பொது விதி. நீதிபதி அதிலிருந்து விலகலாம், விலகினால் காரணத்தை எழுத வேண்டும். 3,000 ரூபாய் வரம்பும் வணிக வழக்குகளுக்கு நீக்கப்பட்டுவிட்டது. 2018இல் மதிப்பு வரம்பை ஒரு கோடியிலிருந்து 3 லட்சமாகக் குறைத்ததால் உங்களைப் போன்ற சிறு தொழில்காரர்களும் உள்ளே வந்துவிட்டீர்கள்.

ஆகவே பாவு சார், தீர்ப்பின் கடைசி இரண்டு பத்திகளை அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள்.

பழைய_கட்டு:
அதற்கு முன் ஒரு கேள்வி. மேல்முறையீட்டு நோட்டீஸ் எந்தத் தேதியில் கைக்கு வந்தது? அதில் விசாரணைத் தேதி குறித்திருக்கிறதா? முப்பத்தோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், தேதி தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

கரூர்_பாவு:
ஐயா, வந்து 19 நாள் ஆகிறது. விசாரணைத் தேதி போட்டிருக்கிறது. ஊரில் மாரியம்மன் திருவிழா, பட்டறைக்கும் விடுமுறை. மேசை இழுப்பறையில் வைத்தவன் நேற்றுதான் எடுத்தேன்.

மேடம் கேட்ட பகுதி: 'வாதியின் மூன்றாவது கோரிக்கையான லாப இழப்பு தகுந்த ஆவணங்களால் மெய்ப்பிக்கப்படவில்லை. எனவே அக்கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது. வழக்கு ரூ. 8,06,000க்கு 9 சதவீத வட்டியுடன் பகுதியாகத் தீர்ப்பளிக்கப்படுகிறது. இரு தரப்பினரும் அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும்.'

அவ்வளவுதான். செலவைப் பற்றி வேறு எங்கும் ஒரு சொல் இல்லை.

பழைய_கட்டு:
அப்படியானால் கையில் 11 நாள் இருக்கிறது, தம்பி. தீர்ப்புக்கு எதிராக நீங்களே மேல்முறையீடு செய்ய 60 நாள். அது போய்விட்டது. ஆலைக்காரர் கடைசி நேரத்தில்தான் தாக்கல் செய்திருப்பார், எப்போதும் அப்படித்தான். தாமத மன்னிப்பு மனு போடலாமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வணிக வழக்கில் 60 நாளைத் தாண்டியவருக்குக் கதவு சுலபமாகத் திறக்காது, 2021இல் போர்ஸ் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே கறாராகச் சொல்லிவிட்டது.

ஆனால் எதிராளி மேல்முறையீடு செய்தால் உங்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 22. எதிர் ஆட்சேபணை என்று பெயர், கோர்ட்டில் 'கிராஸ் அப்ஜெக்ஷன்' என்பார்கள். விசாரணைத் தேதி குறித்த நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். தீர்ப்பில் உங்களுக்குப் பாதகமான பகுதியை அதில் எதிர்க்கலாம். திருவிழாவுக்கு நோட்டீஸ் காத்திருக்காது.

ஐயப்பாடு:
செலவுக்காக மட்டும் மேல்முறையீடு செய்ய முடியாது என்று கேள்விப்பட்டிருக்கிறேனே? பிறகு எதிர் ஆட்சேபணை மட்டும் எப்படி நிற்கும்?

இன்னொன்று. ஆலையின் ஆர்டர் படிவத்தில் 'முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருப்பார்களே. மேல்முறையீட்டில் அதைப் பிடித்துத் தொங்கினால் 4 லட்சமே போய்விடாதா?

கரூர்_பாவு:
ஐயப்பாடு சொன்னது போலவேதான். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அந்த வரி இருக்கிறது. மேல்முறையீட்டுக் காரணங்களில் முதலாவதாக அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

வாய்தா_வேண்டாம்:
முன்பணத்துக்கு முதலில். ஒப்பந்தத்தை மீறியவரே முன்பணத்தையும் வைத்துக்கொள்வதா? இதற்குக் கைலாஷ் நாத் வழக்கைப் படியுங்கள். 1982இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனையை ஏலம் விட்டது. ஏலத்தொகை 3.12 கோடி, அதில் கால்பங்கு 78 லட்சம் முன்பணம். பிறகு ஒதுக்கீட்டை ரத்து செய்து 78 லட்சத்தையும் எடுத்துக்கொண்டது. அதே மனையை மறுபடி ஏலம் விட்டபோது கிடைத்தது 11.78 கோடி. தனி நீதிபதி பணத்தைத் திருப்பிக் கொடு என்றார், மேல்முறையீட்டில் டிவிஷன் பெஞ்ச் வேண்டாம் என்றது, 2015இல் உச்ச நீதிமன்றம் தனி நீதிபதி தீர்ப்பையே நிலைநிறுத்தி 9 சதவீத வட்டியுடன் கொடுக்கச் சொன்னது. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் தொகை குறித்திருந்தாலும் நஷ்டமே இல்லாதவர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் ஆலையின் கதை இன்னும் மோசம். ஏறிய விலைக்கு அதே நூலை வேறொருவருக்கு விற்றிருக்கும்.

இனி செலவு. செலவை மட்டும் எதிர்த்து வருகிற மேல்முறையீட்டை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை என்பது சரி. ஆனால் அதற்கு விலக்கு உண்டு. விருப்புரிமையைச் சட்டப்படி பயன்படுத்தாமல் விட்டிருந்தால், கொள்கை சார்ந்த பிழை இருந்தால் தலையிடுவார்கள். காரணம் எழுது என்று சட்டம் சொல்லும் இடத்தில் காரணமே எழுதாதது அப்படிப்பட்ட பிழை. தவிர, இங்கே மேல்முறையீட்டைக் கொண்டுவந்தது ஆலை. தீர்ப்பாணை முழுவதும் ஏற்கெனவே மேல் நீதிமன்றத்தின் மேசையில் இருக்கிறது.

இப்போது 8 லட்சம். இங்கேதான் ஈரோட்டு அண்ணனுடன் மாறுபடுகிறேன். ஆர்டர் ரத்தாகும் என்பது ஆலைக்கு எப்போது தெரியும், பாவு சார்?

கரூர்_பாவு:
வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், மேடம். 'கப்பல் தேதி 28. நூல் தாமதமானால் ஆர்டர் போய்விடும்' என்று. கீழ்க் கோர்ட்டில் அதைக் காட்ட முடியவில்லை, மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் வைக்கவில்லை என்று ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் வைக்கலாமா?

வாய்தா_வேண்டாம்:
அந்தச் செய்தியை அனுப்பிய தேதி?

கரூர்_பாவு:
ஆர்டர் கொடுத்து 16 நாள் கழித்து.

வாய்தா_வேண்டாம்:
அங்கேதான் போச்சு.

ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்துகொண்டபோதே இரு தரப்பும் அறிந்திருந்த நஷ்டத்தைத்தான் அப்படிக் கேட்க விடுகிறது. இதன் மூலக்கதை 1854இல் இங்கிலாந்தின் கிளஸ்டரில் நடந்தது. ஒரு மாவு மில்லின் சுழல்தண்டு உடைந்துவிட்டது. மாதிரிக்காகப் பழைய தண்டை அனுப்பினார்கள், எடுத்துச் சென்ற நிறுவனம் தாமதம் செய்தது, மில் அத்தனை நாளும் நின்றது. போன லாபத்தைக் கேட்டார் மில்காரர். மில் இதனால் நின்றுகிடக்கிறது என்பது ஒப்பந்த நேரத்தில் அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கவில்லை என்று சொல்லி மேல் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 16 நாள் கழித்து அனுப்பிய செய்தி, ஒப்பந்த நாளன்று ஆலைக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஓட்டையை அடைக்கக் கூடுதல் சாட்சியம் வைப்பதற்குக் கட்டளை 41 விதி 27 எளிதில் இடம் தராது. வைத்தாலும் தேதி உங்களுக்கு எதிராகப் பேசும்.

விலை வித்தியாசம் அப்படியல்ல. அதே 73ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டே வெடியுப்பு விற்பதாகச் சொல்லி மீறியவரைப் பற்றியது: அதே தரத்து வெடியுப்பை அன்றைய சந்தையில் வாங்க ஆகியிருக்கும் கூடுதல் விலை நஷ்டஈடு. வெடியுப்பு என்ற இடத்தில் 20ஆம் நம்பர் நூல் என்று எழுதிக்கொள்ளுங்கள். 58 ரூபாய் வீதம் 7,000 கிலோ. அந்த 4,06,000ஐ அசைப்பது கடினம்.

ஈரோட்டுச்சந்தை:
மேடம், 8 லட்சத்துக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம் என்றால் 24,000. முன்பு ஏழரை சதவீதமாக இருந்தது, 2017இல் குறைத்தார்கள். 24,000 போட்டு 8 லட்சத்துக்குக் கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? கிடைத்தால் மலை, போனால் மயிர்!

வாய்தா_வேண்டாம்:
நஷ்டம் இருக்கிறது, அண்ணா. புதிய 35ஆம் பிரிவுக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு எழுதியிருக்கிறார்கள். பாவு சார் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். வாதி ஒப்பந்த மீறலுக்காகப் பணமும் நஷ்டஈடும் கேட்கிறார். பணம் கிடைக்கிறது. ஆனால் நஷ்டஈட்டுக் கோரிக்கை வீணானது, தொல்லை கொடுப்பதற்காகக் கேட்டது என்று நீதிமன்றம் முடிவு செய்கிறது. அப்போது ஜெயித்த வாதியின் மீதே செலவைச் சுமத்தலாம் என்கிறது அந்த எடுத்துக்காட்டு.

உங்கள் வழக்கோடு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். இப்போது உங்களைக் காப்பாற்றுவது தீர்ப்பில் உள்ள ஒரே சொல், 'மெய்ப்பிக்கப்படவில்லை'. மெய்ப்பிக்கப்படாத கோரிக்கை வேறு, வீண் கோரிக்கை வேறு. கீழ் நீதிமன்றம் வீண் என்று சொல்லவில்லை. நீங்களே 8 லட்சத்தை மறுபடி தூக்கிக்கொண்டு போனால், அந்த 16 நாளைச் சுட்டிக்காட்டி 'இது வீண் கோரிக்கை' என்று சொல்லும் வாய்ப்பை எதிர்த்தரப்புக்குக் கையில் கொடுக்கிறீர்கள். செலவுக்காக மட்டும் எதிர் ஆட்சேபணை போடுங்கள், 8 லட்சத்தைத் தொடாதீர்கள் என்பது என் யோசனை.

முழுச் செலவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். கேட்டதில் பாதிதான் ஜெயித்திருக்கிறீர்கள். பகுதி வெற்றியையும் பார்க்கச் சொல்கிறது சட்டம், விகிதப்படி கொடுக்கவும் இடமுண்டு. சமாதானத் தொகை ஏதாவது எழுத்தில் வந்ததா? நியாயமான தொகையை மறுத்தவர் யார் என்பதும் கணக்கில் சேரும். வழக்குக்கு முந்தைய சமரச மையத்தில் பேசியதைச் சொல்ல வேண்டாம், அது ரகசியம். வெளியே வந்த கடிதம் இருந்தால் சொல்லுங்கள்.

கரூர்_பாவு:
நான் அனுப்பிய நோட்டீஸுக்கு ஆலை ஒரு பதில் கடிதம் போட்டது. 'முழு முடிவாக 3 லட்சம் தருகிறோம்' என்று. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வாய்தா_வேண்டாம்:
3 லட்சம் தருகிறேன் என்றவர்கள்மீது 8,06,000க்குத் தீர்ப்பு வந்திருக்கிறது. மறுத்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தை எதிர் ஆட்சேபணையில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

தேம்ஸ்கரை:
லண்டனிலிருந்து எழுதுகிறேன், ஒரு சட்ட அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இங்கே இந்தக் கடிதத்துக்கென்றே தனி விதி, சிவில் விதிகளின் 36ஆம் பகுதி. வாதி 'இவ்வளவு கொடுத்தால் முடித்துக்கொள்கிறேன்' என்று முறைப்படி எழுதி, எதிராளி மறுத்து, பிறகு தீர்ப்பில் அதே அளவோ அதைவிடக் கூடுதலாகவோ வாதிக்குக் கிடைத்தால், செலவைத் தாராளமான அளவுகோலில் கணக்கிடுவார்கள், கூடுதல் வட்டியும் சேரும். அதனால் வழக்கு தொடங்கும் முன்பே இரு பக்கமும் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்துவிடுவார்கள். மேல்முறையீட்டுக்கும் முதலில் அனுமதி வாங்க வேண்டும், பொதுவாக 21 நாளுக்குள். ஆனால் 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்குகளில் வக்கீல் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. பாவு சாரின் 8,06,000 ரூபாயை இங்கே கொண்டுவந்தால் அந்த வரிசையில்தான் நிற்கும். ஊருக்கு ஊர் வாசற்படிதான், எங்கே இடிக்கிறது என்பதுதான் வேறு.

பழைய_கட்டு:
லண்டன் தம்பி சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது. கரூர்த் தம்பிக்கு இன்னும் 10 நாள். நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

மேல்முறையீடு போட்டுவிட்டாலே தீர்ப்பு நின்றுவிடாது. கட்டளை 41 விதி 5 படியுங்கள். ஆலை தடையாணை வாங்காதவரை, தீர்ப்புப் பணத்தை வசூலிக்க நீங்கள் நிறைவேற்று மனு போடலாம். பணத் தீர்ப்பாணைக்கு முழுத் தடை சாதாரணமாகக் கிடைக்காது, ஒரு பகுதியைக் கோர்ட்டில் கட்டு என்பார்கள். கட்டினால் ஈடு காட்டி நீங்கள் எடுத்துக்கொள்ள மனுச் செய்யலாம். பின்னால் தீர்ப்பு மாறினால் 144ஆம் பிரிவின்படி திருப்பித் தர வேண்டிவரும், ஆகவே எடுத்த பணத்தைத் தறியில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து, செலவுப் பட்டியல். ஜெயித்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். வக்கீல் தான் வாங்கிய கட்டணத்தைக் கையெழுத்திட்டுச் சொல்லும் கட்டணச் சான்றைத் தாக்கல் செய்யாமல் விட்டால் அந்தக் கட்டம் காலியாகப் போகும். என் அனுபவத்தில் பத்து வழக்குக் கட்டுகளில் நான்கில் அது இருக்காது. கேட்டால் 'அது எதற்கு, எப்படியும் கொடுக்கமாட்டார்கள்' என்பார்கள். கேட்காதவனுக்கு யார் கொடுப்பார்கள்? இழுப்பறையை இன்னொரு முறை திறந்து எல்லா ரசீதையும் எடுங்கள்.

கரூர்_பாவு:
எடுத்தேன், ஐயா. கோர்ட் கட்டணம் 48,180. வக்கீல் கட்டணம் 1,20,000, ரசீது இருக்கிறது. இரண்டு சாட்சிகளின் படியும் பயணமும் 9,600. நோட்டீஸ், தட்டச்சு, நகல் 4,350. மொத்தம் 1,82,130. கட்டணச் சான்று வழக்குக் கட்டில் இல்லை. வக்கீல் சாரிடம் கேட்டேன், 'இப்போது யார் இதையெல்லாம் கேட்கிறார்கள்' என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஐயப்பாடு:
இவ்வளவு பேசியும் ஒரு சந்தேகம் தீரவில்லை. மேல் நீதிமன்றமும் கடைசி வரியில் 'செலவுத்தொகை இல்லை' என்று எழுதிவிட்டால்?

வாய்தா_வேண்டாம்:
எழுதலாம். அந்த வரி பல நீதிமன்றங்களில் கைப்பழக்கமாகவே வந்துவிடுகிறது, நானே வாதாடி முடித்த பிறகு அப்படி வாங்கியிருக்கிறேன். ஆனால் செலவைப் பற்றி எழுத்தில் ஒரு பத்தி வாதம் வைத்திருந்தால் அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டுவது கடினம். பெரும்பாலான வழக்குகளில் செலவைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசுவதில்லை, பிறகு நீதிபதியைக் குறை சொல்கிறோம்.

கரூர்_பாவு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். 27ஆம் நாள் எதிர் ஆட்சேபணை தாக்கல் செய்தோம். இரண்டு பக்க எண் விடுபட்டது, ஒரு நகல் மங்கலாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். சரிசெய்து மறுபடி கொடுத்ததும் எண் கிடைத்தது. செலவுக்கு மட்டும்தான், 8 லட்சத்தைக் கேட்கவில்லை. ஆலையின் தடை மனுவில் தீர்ப்புத் தொகையில் பாதியை ஆறு வாரத்துக்குள் கட்டச் சொல்லி உத்தரவு.

ஈரோட்டுச்சந்தை:
24,000 மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு என்னவோ அந்த 8 லட்சத்தை விட மனம் வரவில்லை, தம்பி.

பழைய_கட்டு:
கட்டணச் சான்றை எதிர் ஆட்சேபணையோடு சேர்த்தீர்களா?

கரூர்_பாவு:
சேர்த்தேன், ஐயா. எட்டாவது பக்கம்.